படைவீரர் இல்லங்களில் கண் நலம்

குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வெலிங்டனைக் கடந்து செல்வோர், அங்கே வரிசையாக நிற்கும் பழைய பாசறைக் கட்டடங்களையும், அணிவகுத்துச் செல்லும் இளம் வீரர்களையும் கண்டு பெருமிதம் கொள்வது இயல்பு. மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் இங்கேதான் உள்ளது. 1947-ஆம் ஆண்டு நாடு பிரிவினையுற்றபோது குவெட்டா நகரிலிருந்து இடம் மாறி வந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியும் இங்கேதான் இயங்கி வருகிறது. ஆனால், அச்சாலைக்கு அப்பால், சிறு சிறு குடியிருப்புகளில் வாழும் வீரர்களின் மனைவியரையும் பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? நம் பங்குகளிலும் அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. பணி முடிந்து ஓய்வு பெற்றபின், இம்மலையிலேயே வீடு கட்டிக் குடியேறியவர்களும் பலர்.

படையில் சேரும் இளைஞனின் கண்ணைப் பரிசோதித்த பின்னரே அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள். பணியில் இருக்கும் காலமெல்லாம் குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. அதில் கண்ணும் அடங்கும். ஆனால், அவன் மனைவியின் கண்ணையோ குழந்தையின் கண்ணையோ அவ்வாறு அழைத்துப் பரிசோதிப்பார் எவருமில்லை. வசதி இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. அதைத் தேடிச் சென்று பெற வேண்டிய பொறுப்பு மட்டும் குடும்பத்தின் தலைமேல் விழுகிறது. இதைப் பலரும் உணராதிருப்பதே இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

படையும் கண் மருத்துவமும்

படைவீரனுக்கும் கண் மருத்துவத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. நெப்போலியன் காலத்துப் போர்களில் எகிப்துக்குச் சென்ற ஆங்கிலப் படைவீரர்கள், ‘டிரக்கோமா’ என்னும் தொற்றுக் கண்ணோயைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். அது ஊரெங்கும் பரவியதால், 1805-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று உலகப் புகழ்பெற்ற மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை அதுவே. 1819-ஆம் ஆண்டு சென்னையிலும் ஒரு கண் மருத்துவமனை தோன்றியது. அதுதான் இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை.

நம் காலத்துக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களைத் தமிழகத்தில் அறியாதார் யார்? அவர் 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. 1948-இல் படையை விட்டு விலக நேர்ந்தது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று கொண்டிருந்த ஆசையும் கைகூடவில்லை. அவர் மனம் தளராமல் கண் மருத்துவம் பயின்றார். கோணிய விரல்களுக்கேற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகி, இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-ஆம் ஆண்டு, மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 1997-இல் அதன் கிளை கோயம்புத்தூரில் திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் நம் மக்களுக்கு எட்டும் தொலைவில் இன்று அது நிற்கிறது. படையிலிருந்து நோயின் காரணமாக விடைபெற்ற ஒருவரின் கைகள், எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றின.

இடமாற்றத்தில் தொலையும் பார்வை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் ஹவில்தார்; மகளுக்கு ஆறு வயது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றம். குழந்தை புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படிக்கிறாள். முதல் பள்ளியின் ஆசிரியை அதைக் கவனித்துத் தாயிடம் சொல்வதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. அடுத்த பள்ளியில் மொழியே புதிது; குழந்தை பின்தங்குவதற்கு மொழிதான் காரணம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். தாயோ, “அவர் லீவில் வரட்டும், அழைத்துப் போவோம்” என்று நாள் கடத்துகிறாள். இவ்வாறே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இதில் உள்ள கேடு என்ன? ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை இருந்தால், குழந்தையின் மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பி மற்றக் கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கும். இதனைச் ‘சோம்பற் கண்’ என்பர். ஏழெட்டு வயதுக்குள் கண்டறிந்து, கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்தும் பயிற்சி அளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வயது ஏற ஏறப் பலன் குறையும். குழந்தை தானாக முறையிடாது. இரு கண்ணும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதே அதற்குத் தெரியாதன்றோ! ஆகவே, பள்ளியில் சேர்க்கும் முன்னரே ஒருமுறை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பரிசோதிப்பது பெற்றோரின் கடமை.

குறைமாதக் குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் இளம் மனைவியர், சில வாரங்களில் கைக்குழந்தையோடு கணவர் பணிபுரியும் ஊருக்குத் திரும்புகின்றனர். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தையாயின், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்னரே தேவை. பிறந்த ஊரில் ஒரு மருத்துவமனையும் வந்த ஊரில் மற்றொரு மருத்துவமனையுமாக இருக்கையில், இந்த 30 நாள் யார் கணக்கிலும் ஏறாமல் நழுவிவிடக்கூடும். நழுவினால் அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் இருளில் இருக்க நேரிடும்.

எங்கே செல்வது?

பணியில் உள்ள வீரரின் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் இராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற உரிமையுடையவர்கள். நம் மாவட்டத்தில் வெலிங்டன் இராணுவ மருத்துவமனை, மக்கள் வழக்கில் ‘எம்.எச்.’, முதற் படியாக அமைகிறது. அங்கே இயலாத சிகிச்சைக்கு அவர்களே மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். கணவர் எல்லையில் இருந்தாலும், டிபென்டன்ட் கார்டு கையில் இருந்தால் மனைவி தாமே சென்று மருத்துவரைக் காணலாம். அவருடைய விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் ‘இ.சி.எச்.எஸ்.’ என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பொதுவாக முதலில் அதன் பாலி கிளினிக்கை அணுகி, அங்கே ‘ரெஃபரல்’ கடிதம் பெற்று, அதன்பின் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடிதமின்றி நேரே சென்று, பின்னர் செலவைக் கேட்டு அலைவோர் உண்டு. ஆபத்து வேளைக்கு விலக்கு உண்டு: எந்த மருத்துவமனையிலும் சேரலாம்; ஆனால் இரண்டு நாளுக்குள் பாலி கிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், கீழே இறங்குமுன் கேட்டறிவது நன்று. குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முதியவர் ஒருவர் மலைச்சாலையில் இறங்கிச் சென்று, கடிதம் இல்லாமையால் திரும்பி வருவது எத்தனை வேதனை!

இவ்விரு வழியிலும் அடங்காத உறவினர்களும் இருப்பார்கள். அவர்கள் குன்னூர் அரசு லாலி மருத்துவமனையையோ, உதகை அரசு மருத்துவமனையையோ தயங்காமல் நாடலாம்.

மலைவாழ்வோர் அறிய வேண்டியவை

முதலாவது, வெயில். மஞ்சு மூடிய ஊரில் வெயிலால் என்ன கேடு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்தோறும் சூரியனின் புறஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. உதகை இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் உள்ளது. இக்கதிர்கள் கண்புரைக்கும், கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து சதை வளர்வதற்கும் துணைபோகின்றன. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் தேயிலைக் காட்டில் உழைப்போருக்கும் மைதானத்தில் பயிற்சி பெறுவோருக்கும் அலங்காரப் பொருள்கள் அல்ல.

இரண்டாவது, மிகச் சிலரே அறிந்த ஓர் எச்சரிக்கை. விழித்திரை கழன்றுவிட்டால், அறுவையின்போது கண்ணுக்குள் ஒருவகை வாயுவைச் செலுத்தி அதை ஒட்டவைப்பது வழக்கம். அந்த வாயுக் குமிழி கரைய இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். அதற்குள் மலையேறினால், மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைந்து குமிழி விரியும். கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே பறிபோகக்கூடும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. எனவே, சமவெளியில் விழித்திரை அறுவை செய்துகொள்வோர், “என் வீடு மலைமேல் உள்ளது” என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை கீழேயே உறவினர் வீட்டில் தங்க வேண்டும். சாதாரணக் கண்புரை அறுவைக்கு இந்தத் தடை இல்லை.

மூன்றாவது, கண் நீர் அழுத்த நோய். வலியின்றி வந்து, ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும் இந்நோய் பறித்த பார்வையை எந்த அறுவையும் மீட்டுத் தராது. சொட்டு மருந்தை நாள் தவறாமல் விட்டுவந்தால், எஞ்சிய பார்வையைப் பெரும்பாலும் காக்க முடியும். நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும், சர்க்கரை நோயாளரும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஐப்பசி பிறக்குமுன்பே ஒரு மாதத்துக்கான சொட்டு மருந்தை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கண்ணில் சுண்ணாம்போ தோட்டத்து மருந்தோ பட்டுவிட்டால், முதலில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தூய நீரால் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கண்முன் மின்னல்போல் ஒளி தெறித்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி வந்தாலோ, மறுநாள் வரை பொறுத்திருக்கலாகாது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம்

இவ்வளவுக்கும் மேலாக, செலவே இல்லாத ஒரு காரியத்தை ஒவ்வொரு வீரர் குடும்பத்துக்கும் பரிந்துரைக்க விரும்புகிறோம். வீட்டில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பரிசோதித்த நாள், இரு கண்ணின் கண்ணாடி எண்கள், கண்ணின் அழுத்தம், சொட்டு மருந்தின் பெயர், அடுத்து வரச்சொன்ன தேதி ஆகியவற்றை எழுதி, மருத்துவச் சீட்டுகளையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டங்களைக் கட்டுமுன் அந்த நோட்டைக் கைப்பையில் வையுங்கள். முப்படைக் கல்லூரிக்கு வரும் குடும்பங்கள் ஓராண்டுகூட இங்கே தங்குவதில்லை. ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது அவர்களுக்குக் கிட்டாத ஒன்று. மருத்துவர் மாறினாலும் குறிப்பு மாறாதிருந்தால் கண் தப்பும்.

அண்டை வீட்டாராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கணவர் தொலைவில் இருக்கும் ஓர் இளம் தாய்க்கோ, ஓய்வு பெற்ற முதிய வீரருக்கோ மருத்துவமனை செல்லத் துணை தேவைப்படலாம். ஒருநாள் உடன் செல்வதும், அவர்களுடைய பிள்ளைகளை மாலைவரை நம் வீட்டில் வைத்துக்கொள்வதும் பெரிய செயல்கள் அல்ல. நாட்டைக் காக்கச் சென்றவரின் வீட்டில் கண்ணொளி மங்காமல் பார்த்துக்கொள்வது, பின்னால் நிற்கும் நம் அனைவருடைய கடன்.

இந்த வாரமே உங்கள் குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். சிறு வேறுபாடு தோன்றினாலும், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.