இடந்தலைப் பசை

"மத்தளத்திற்கு இருபுறமும் இடி" என்னும் பழமொழியை வகுப்பில் விளக்கும்பொழுது, அதன் இரு முகமும் ஒன்றே என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடுவதுண்டு. உண்மை அஃதன்று. மத்தளமாயினும் தவிலாயினும் இருபுறமும் நேர்மாறான இயல்புடையவை. வலந்தலை கணீரென்று பேசவேண்டும்; தொப்பி என வழங்கும் இடந்தலை தாழ்ந்து அடங்கி முழங்கவேண்டும். அந்த அடக்கம் தோலுக்கு இயற்கையாய் வாய்ப்பதன்று. பசை அப்பி வருவிப்பது.

ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூச நாளன்று நாயனத்துடன் ஒலிக்கும் தவிலையே எடுத்துக்கொள்வோம். பலாமரத்தைக் குடைந்து செய்த உடல். வலந்தலைத் தோல் மிக இறுக்கமானது. விரல்களில் கூடு அணிந்து அதை வாசிப்பர். இடந்தலையோ சற்றுத் தளர்வானது, கழியால் அடிபடுவது. கழியடி எவ்வளவு வன்மையாய் விழுந்தாலும் அங்கிருந்து எழுவது வெடிப்பொலி அன்று, கனத்த ஓசை. காரணம், கேட்போர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. எண்ணெய் எடுத்த ஆமணக்கு விதையின் சக்கையை வேகவைத்து மசித்த பசையை அத்தோலின் உட்புறத்தில் தடவியிருப்பார்கள்.

மிருதங்கத்தில் இவ்வேலை வெளிப்புறத்தில், அவையோர் பார்க்கவே நடைபெறும். கச்சேரிக்குச் சற்று முன்னர் ரவையை நீர் விட்டுப் பிசைந்து, தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவர். தவிற்பசை நிலையானது, ரவைப்பசை அன்றாடம் இடுவது. ஆதலின் மிருதங்கக் கலைஞருக்கு ஒரு வசதி உண்டு. பசையைக் கூட்டினால் ஓசை தாழும். கிள்ளி எடுத்தால் உயரும். பாடுவோர் சுருதிக்கு ஏற்ப அவர் அந்த இடத்திலேயே சரிசெய்துகொள்வார். சமையலுக்கு உரிய ரவை மேடையேறியதைக் கண்டு நகைக்கும் பிள்ளைகளுக்கு இதன் காரணத்தைச் சொல்லாமல் விடுவது பிழை.

பசை செய்யும் வேலை இரண்டு. முதலாவது சுமை. தோலின் இழுப்பு மாறாதிருக்க, ஆடும் பொருளின் கனம் 4 மடங்கானால் அதிர்வெண் பாதியாகக் குறையும். அதாவது ஓசை ஒரு ஸ்தாயி இறங்கும். தோலின் நடுப்பகுதியே அடிப்படை அதிர்வில் மிகுதியாக ஆடுவது. ஆகவே பசைக்கு உரிய இடமும் நடுப்பகுதியே. இரண்டாவது உறிஞ்சுதல். ஈரமான பசை தன்னுள்ளேயே உராய்ந்து, விரைந்து துடிக்கும் மேலோசைகளைத் தின்றுவிடுகிறது. தாழ்ந்த ஓசை நிற்கிறது, சலசலப்பு மறைகிறது.

மழையூரெனப் பெயர்பெற்ற தைப்பிங்கிலோ, ஈப்போவிலோ மாலை மழையில் வாசிப்போருக்கு இக்கணக்கு நன்கு தெரியும். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். ஓசை தானே தாழும். பசை குறைவாகவே வேண்டியிருக்கும். குளிர்சாதன மண்டபத்தில் நிலைமை தலைகீழ். தோலும் பசையும் உலர, ஓசை மேலேறுகிறது. பாட்டின் இடையே கலைஞர் தொப்பியில் நீர் தொட்டுத் தடவுவது அதனால்தான்.

தோட்டங்களில் ஒலித்த தப்புக்கு இந்தப் பசை இல்லை. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி இறுக்குவதே அதன் முறை. ஒன்று ஓசையை உயர்த்தும் வழி. மற்றொன்று தாழ்த்தும் வழி. இரண்டும் தோலின் இயல்பை அறிந்தவர் கண்டவையே. ஒன்றை அறிவென்றும் மற்றொன்றைப் பழக்கமென்றும் பிரிப்பது பொருந்தாது.

பழமையும் இதற்கு உண்டு. பொருநராற்றுப்படை முழவை மண் அமைந்ததாகச் சுட்டுகிறது. அவ்வாறு தோலில் மண் பூசுதலை உரைகாரர் மார்ச்சனை என்பர். மண்ணுக்கும் முழவுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்டால், ரவை அப்பிய தொப்பியைக் காட்டினாலே போதும். அரும்பத அகராதியைவிட அது விரைவாக விளக்கிவிடும். வடமொழி நாட்டிய சாத்திரமும் ஆற்றங்கரைக் கரிய மண்ணைக் கூறி, அது கிடையாதபோது கோதுமை அல்லது யவை மாவைக் கொள்ளலாம் என்கிறது. இன்றைய ரவை அந்தக் கோதுமையின் வழிவந்ததே.

வலந்தலையிலும் ஒரு சுமை உண்டு. ஆனால் அது நிலையான கருஞ்சோறு. கிட்டக்கல் பொடியைச் சோற்றுடன் கலந்து, படலம் படலமாகத் தேய்த்து அமைப்பது. வெறுந்தோலின் மேலோசைகள் அடிப்படை ஓசையைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கின்றி நிற்கும். எனவே அதில் சுருதி தெளியாது. கருஞ்சோறு இட்ட தோலிலோ அவை 2, 3, 4, 5 என முழு எண்களை நெருங்குகின்றன. சி. வி. இராமன் இதனைச் சிவகாளி குமாருடன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவாக ஆராய்ந்தார். வலந்தலைச் சுமை சுருதியைத் தெளிவிக்கிறது. இடந்தலைச் சுமை ஓசையைத் தாழ்த்துகிறது.

பள்ளி அணிவகுப்பில் வரும் மேனாட்டுப் பெருமுரசுக்குச் சுருதி பெரும் பொருட்டன்று. ஓசை நெடுநேரம் இழுபடாமல் இருந்தால் போதும். அதற்காகக் கம்பளிப் பட்டையையோ துணியையோ தோலின்மேல் படும்படி வைப்பர். சிலர் முரசுக்குள் தலையணையையே திணிப்பர். இதில் சுமை சிறிது, உறிஞ்சுதலே பெரிது. படைவீரரின் இறுதி ஊர்வலத்தில் முரசைக் கருந்துணியால் போர்த்துவதும் இம்முறையே. போர்த்திய முரசு துக்கத்துக்கு அறிகுறியாயிற்று. நம்மவர் தொப்பியோ மணவிழாவிலும் அடங்கியே ஒலிக்கிறது.

வாசிப்பவர் பெயர் விளம்பரத்தில் வருகிறது. தோலைப் பதப்படுத்திச் சோறு தேய்ப்பவர் பெயர் வருவதில்லை. தஞ்சைச் செபஸ்தியான் குடும்பத்தாரைப் போன்ற மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் தனி நூலே எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் வாத்தியங்களுக்குப் பின்னால் அக்குடும்பத்துப் பர்லாந்தின் கைகள் இருந்தன. மணி ஐயரின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் பலவற்றில் அக்கைகளுக்கு ஒரு வரிகூட இடமில்லாமற் போனது நேர்மையன்று.

பள்ளிகளில் மிருதங்கம் வைத்திருப்போர் ஒன்றை மறக்கலாகாது. வாசித்து முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தியே உறையிடவேண்டும். மறந்து அலமாரியில் பூட்டினால், அடுத்த விழாவுக்குள் அந்தத் தொப்பியைக் கரப்பான்கள் கண்டுகொள்ளும்.