தரகருக்கும் பாடம் வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூரை அடுத்தது பிள்ளைப்பாக்கம். சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊர். தொழிற்சாலை வந்த இடத்தில் மனைக்குக் கிராக்கி. மனைக்குக் கிராக்கி வந்தால் தரகருக்கும் கிராக்கிதான்!

தொழிலாளியின் பல வருடச் சேமிப்பு, தரகர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிக் கைமாறுகிறது. அந்த வார்த்தை சரியாக இருக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவுக்கு உட்பட்ட மனைப்பிரிவுகளை விற்றுத் தரும் தரகர், தம்மையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.10,000 அபராதம், அது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம்.

பதிவு சரி, படிப்பு? மராட்டிய மாநிலம் 2023-ல் தரகர்களுக்குப் பயிற்சியையும் பரீட்சையையும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, உரிமத்தைப் புதுப்பிக்க 4 ஆண்டுக்கு ஒரு முறை 45 மணி நேரப் பாடம்!

இங்கும் படிக்க விஷயம் உண்டு. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். பதியாத உடன்படிக்கையும் வாய்மொழிப் பாகமும் தெரியா. ஏரிப் புறம்போக்கா, தொழிற்பேட்டைக்காக 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிப்பு வந்த நிலமா என்பதையும் தனியே விசாரிக்க வேண்டும். இதை அறியாத தரகர், நல்லவராக இருந்தாலும் நஷ்டத்தையே தேடித் தருவார்.

மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் தரகரின் பதிவு எண்ணைக் கேட்கட்டும். விலையைப் பிறகு பேசலாம்!