விஜய் ஐயரின் பியானோவும் தங்கவயலின் தாளமும்

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்துக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பாட்டு 'கலாங்'. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, போர் துரத்த மறுபடி லண்டனுக்கே போய்ச் சேர்ந்த ஈழத்துப் பெண், மின் தாள இயந்திரத்தைத் தட்டித் தட்டி உருவாக்கிய பாட்டு அது. 2009-ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற ஜாஸ் இசைத்தட்டில் அதே பாட்டு இயந்திரம் எதுவும் இல்லாமல் ஒலிக்கிறது. பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். இயந்திரம் செய்த வேலையை மூன்று மனிதர்கள் கையும் காலுமாக எடுத்துச் செய்கிறார்கள். நடுவில் தாளம் லேசாக முன்னால் சாய்கிறது, பின்னால் இழுக்கிறது, ஆனால் எங்கேயும் அறுந்து விழவில்லை. பியானோவில் இருப்பவர் விஜய் ஐயர். அவரும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில் இருந்துகொண்டு அமெரிக்க ஜாஸ் கலைஞரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இசை சுரங்க அதிகாரிகளின் கிளப்புக்கு உரியது, தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அல்ல என்று தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை தவறு என்று நினைக்கிறேன். விஜய் ஐயரின் வாழ்க்கையையும் எழுத்தையும் படிக்கப் படிக்க அது உறுதியாகிக்கொண்டே வருகிறது.

அவர் பிறந்தது 1971-ல், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில். வளர்ந்தது அதே மாநிலத்தின் ராச்செஸ்டர் பக்கம். 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட காலத்தில் போன தலைமுறை அவருடைய பெற்றோர். மூன்று வயதில் கையில் வயலின் வந்தது. பதினைந்து ஆண்டுகள் மேற்கத்திய சாஸ்திரிய முறையில் வயலின் பயின்றார். பியானோ அப்படி வரவில்லை. வீட்டில் அக்காவுக்காக ஒரு பியானோ இருந்தது. அதில் காதால் கேட்டதைத் தானாகவே தேடித் தேடி வாசித்துப் பழகினார். முறையாகக் கற்ற வாத்தியத்தை விட்டு, தானாகக் கண்டுபிடித்த வாத்தியத்தில்தான் அவர் உலகப் புகழ் பெற்றார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பக்கத்து ஊரான ஓக்லாண்டில் மூத்த கறுப்பினக் கலைஞர்களோடு மேடையேறி வாசிக்கத் தொடங்கியவருக்கு, இயற்பியலா இசையா என்ற கேள்வி ரொம்ப நாள் கேள்வியாகவே இருக்கவில்லை. இயற்பியலை விட்டார். ஆராய்ச்சியை விடவில்லை. தொழில்நுட்பத்தையும் கலைகளையும் இணைத்த துறையில் 1998-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வேடு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் உடலுக்கு என்ன வேலை என்பதைப் பற்றியது.

இந்த ஆய்வேட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாளம் மூளையில் ஓடும் கணக்கு மட்டும் என்ற எண்ணத்தை அது ஏற்கவில்லை. தாளத்தை உணரும்போதே நம் உடல் அசைவதற்குத் தயாராகிறது என்கிறது. மூச்சு இழுத்து விடுவதற்குச் சில விநாடிகள் ஆகின்றன, இசையில் ஒரு சொற்றொடரின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடையும் இதயத்துடிப்பும் போகும் வேகத்தில் தாளத்தின் அடிகள் விழுகின்றன. பேசும்போது நாக்கும் உதடும், வாசிக்கும்போது விரலும் எவ்வளவு சீக்கிரம் புரளுமோ அந்த வேகத்தில் துரிதமான சொற்கட்டுகள் வருகின்றன. இசையின் கால அளவுகள் உடலின் கால அளவுகளோடு ஒத்துப்போவதை இப்படி அடுக்கிக் காட்டுகிறார். இன்னொன்றையும் காட்டுகிறார். நல்ல டிரம்மர் அடிக்கும் அடிகள் கடிகாரம் போலச் சம இடைவெளியில் விழுவதில்லை. ஒரு விநாடியில் நூற்றில் சில பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் தள்ளி விழுகின்றன. கேட்பவருக்கு அது பிழையாகத் தெரியாது, உயிராகத் தெரியும். அந்தச் சின்னஞ்சிறு விலகலை இயந்திரத்தால் நேராக்கிவிட்டால் அந்த உயிர் குறைந்துவிடும்.

பறையைக் காலடி வைத்து ஆடிக்கொண்டே அடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. கால் மிதிக்கும் இடமும் குச்சி விழும் இடமும் ஒரே உடலிலிருந்து வருகின்றன. பெர்க்லியில் பட்டம் வாங்கிய ஆய்வு, நம் தெருவில் எழுதப்படாமல் கிடந்த அறிவுக்கு ஆதாரம் சேர்த்திருக்கிறது என்றுதான் சொல்லுவேன்.

சுரங்க வேலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வளர்ந்தன. வடார்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள், பூமிக்குள் இறங்கினார்கள். காற்றழுத்தத் துளைக்கருவிகள் பரவும் முன்பு பாறையில் கையால்தான் துளை போட்டார்கள். ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் சற்றே திருப்பிக்கொடுப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். இருவருக்கும் தாளம் ஒன்றாக இல்லாவிட்டால் பிடித்தவர் கை போய்விடும். அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் ரயில் குகைகளைக் குடைந்த கறுப்பினத் தொழிலாளர்களும் இதே வேலையை இதே மாதிரிதான் செய்தார்கள். சம்மட்டி விழும் கணக்குக்கு அவர்கள் பாடிய வேலைப் பாட்டுகள் ப்ளூஸுக்குள் போயின, ப்ளூஸ் ஜாஸுக்குள் போனது. ஆக, ஜாஸின் வேர் இருப்பது விருந்து மண்டபத்தில் அல்ல. கோலாரில் வெள்ளை அதிகாரிகளின் கிளப்பில் பியானோ இருந்தது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் நடனங்களில் பேண்டு இருந்தது, பூமிக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அந்த வேலியைத்தான் ஜாஸ் என்று நாம் தவறாகப் புரிந்துகொண்டோம்.

விஜய் ஐயர் கற்ற விதமும் கவனிக்க வேண்டியது. ஜாஸில் பாடத்திட்டம் வருவதற்கு முன்பு பேண்டுதான் பள்ளிக்கூடம். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் மாணவப் பருவத்திலேயே அவரைத் தன் குழுவோடு சேர்த்துக்கொண்டார். டிராம்போன் கலைஞரும் அறிஞருமான ஜார்ஜ் லூயிஸ் வழிகாட்டினார். மிசிசிப்பியில் 1941-ல் பிறந்த டிரம்பெட் மேதை வடாடா லியோ ஸ்மித்தின் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தார். பிறகு இருவர் மட்டும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட இசைத்தட்டு, கோடுகளாலேயே ஓவியம் தீட்டிய நஸ்ரீன் முகமதிக்குச் செய்த காணிக்கை. தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன், ஆண்ட்ரூ ஹில் ஆகிய பியானோ கலைஞர்களைத் தன் முன்னோர்களாக அவர் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார். கறுப்பின மக்களின் கலையில் விருந்தாளியாக நுழைந்தவர் என்ற நினைப்பு அவரிடம் மாறாமல் இருக்கிறது.

முதல் இசைத்தட்டு 'மெமரோஃபிலியா' 1995-ல் வந்தது. டபுள் பேஸ் வாசிக்கும் ஸ்டீஃபன் க்ரம்ப், டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர் இருவருடனும் அமைத்த மூவர் குழுதான் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. 'ஹிஸ்டாரிசிட்டி' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2012-ல் 'அக்செலராண்டோ' வந்த ஆண்டு, டவுன்பீட் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரே தடவையில் ஐந்து பிரிவுகளில் முதலிடம் பெற்றார். 2013-ல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. விருதுகளைப் பற்றி இது போதும்.

'ஹிஸ்டாரிசிட்டி'யில் 'மிஸ்டிக் ப்ரூ' என்ற உருப்படி உண்டு. 1, 2, 3, 5, 8, 13 என்று முந்திய இரண்டையும் கூட்டி வளரும் ஃபிபோனாச்சி எண்களின் விகிதத்தில் அதன் தாளம் எப்படி நீட்டப்பட்டது என்று அவரே கார்டியன் நாளிதழில் எழுதியிருக்கிறார். இந்த எண்வரிசை இந்திய யாப்புக்காரர்களுக்குப் பழைய சொத்து. ஒரு மாத்திரைக் குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் கொண்டு ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாத்திரைக்கு 3 விதம், நான்குக்கு 5, ஐந்துக்கு 8. வடமொழி யாப்பைப் பற்றி எழுதிய ஹேமச்சந்திரர் 12-ம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். அந்த உருப்படியைக் கேட்கும்போது கணக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தலை தானாக ஆடும்.

கர்னாடக இசையோடு அவர் கைகோத்த இசைத்தட்டு 2011-ல் வந்த 'தீர்த்தா'. கிட்டார் வாசித்தவர் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. இந்த பிரசன்னா ராணிப்பேட்டைக்காரர். தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய அதே வடார்க்காட்டு மண். சென்னை ஐஐடியில் படித்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய், கர்னாடக சங்கீதத்தை மின்கிட்டாரில் கொண்டுவந்தவர். 'தீர்த்தா'வில் யாரும் யாருக்கும் அலங்காரம் செய்யவில்லை. கீர்த்தனைக்குக் கீழே நாலு மேற்கத்திய கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) போட்டு 'ஃப்யூஷன்' என்று விற்கும் பழக்கத்துக்கு அது நல்ல மறுப்பு.

இனி, ஆசிரியர் விஜய் ஐயர். 2013 முதல் சில ஆண்டுகள் கனடாவின் பான்ஃப் மையத்தில் ஜாஸ் பட்டறையின் இயக்குநராக இருந்தார். 2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். இசைத்துறைக்குள், வாசிக்கும்போதே கற்பனை செய்யும் மனோதர்மத்தையே ஒரு பாடமாக, ஓர் ஆராய்ச்சிப் பொருளாக நிலைநிறுத்தியது அங்கே அவர் செய்த பெரிய வேலை.

மனோதர்மத்தைச் சொல்லித்தர முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள், அது திடீரென்று வானத்திலிருந்து விழும் என்று நினைக்கிறார்கள். ஜாஸ் மாணவருக்கு முதலில் ஒரு பாட்டின் கட்டுமானம் மனப்பாடமாக வேண்டும். பெரும்பாலும் 32 பார் (தாளச் சுற்று) நீளம், அதற்குள் வரிசையாக வரும் கார்டுகள். அடுத்தவர் தனி வாசிக்கும்போது பியானோக்காரர் அவருக்கு எங்கே இடம் விட வேண்டும், எங்கே ஒரு கார்டைத் தொட்டுக் கொடுத்து உசுப்ப வேண்டும் என்று பழக வேண்டும். நாலு பார் நீ, நாலு பார் நான் என்று டிரம்மரோடு மாற்றிக்கொள்ளும்போது, எதிராளி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். இதில் பாதிக்கு மேல் காதின் வேலை. மற்றவர் என்ன செய்கிறார் என்று கேட்காதவரால் ஒன்றும் செய்ய முடியாது. சம்மட்டிக்காரருக்கும் கம்பி பிடித்தவருக்கும் நடுவில் இருந்தது இந்த அறிவுதான்.

இந்தியாவில் இதற்கு ஆசிரியர்கள் இல்லாமல் போகவில்லை. டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பேங்க்ஸ் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டிலும் பம்பாயிலும் ஒரு தலைமுறையையே வளர்த்தார். சென்னையில் வாழ்ந்து 2015-ல் மறைந்த மாதவ் சாரி, ஜாஸைப் பொழுதுபோக்காகக் கேட்டவர்களிடம் அதன் இலக்கணத்தைப் பற்றி விடாமல் பேசினார், வாசித்துக் காட்டினார். ஆனால் இவர்கள் எல்லாம் எட்டிய இடங்கள் பெருநகரங்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் பிள்ளைகளை யாரும் எட்டவில்லை.

விஜய் ஐயரின் பெயரில் உள்ள ஐயர் என்ற சாதிப் பட்டத்தையும் நான் தாண்டிப் போக விரும்பவில்லை. படிப்பு தந்த விசாவில் கடல் கடந்த குடும்பமும், ஆள் சேர்த்த கங்காணியின் பேச்சில் கோலாருக்கு நடந்து வந்த குடும்பமும் ஒரே மொழி பேசினாலும் ஒரே பயணம் போகவில்லை. 2014-ல் யேலில் ஆசிய அமெரிக்க முன்னாள் மாணவர்கள் முன்னால் பேசியபோது, நம் வெற்றியே இந்த நாட்டின் அநீதியில் நமக்குப் பங்கு தருகிறது என்ற பொருளில் அவர் கேள்வி எழுப்பினார். முன்னாள் மாணவர் கூட்டத்தில் அப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய கறுப்பின, பழுப்பினச் சிப்பாய்களின் கனவுகளைக் கவிஞர் மைக் லாட் உடன் சேர்ந்து இசையாக்கியவர் என்பதால், அந்தப் பேச்சை நான் நம்புகிறேன்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 'அக்செலராண்டோ'வில் உள்ள 'ஹியூமன் நேச்சர்' என்ற மைக்கேல் ஜாக்சன் பாட்டிலிருந்து தொடங்கலாம். தெரிந்த மெட்டு என்பதால் அவர் எங்கே விலகுகிறார், எப்படித் திரும்புகிறார் என்று பிடிபடும். அடுத்து 'கலாங்', பிறகு 'தீர்த்தா'. அதன் பின் 2021-ல் பேஸ் வாசிக்கும் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் வாசிக்கும் டைஷான் சோரி இருவருடன் வெளியிட்ட 'அனீஸி'. அதன் முதல் உருப்படி 'சில்ட்ரன் ஆஃப் ஃப்ளின்ட்'. மிச்சிகனில் கார் தொழில் நொடிந்து ஏழையாகிப்போன ஃப்ளின்ட் நகரத்தில், 2014-ல் செலவை மிச்சம் பிடிக்கக் குடிநீரை வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் உடம்பில் ஏறியது. அந்தக் குழந்தைகளுக்காக எழுதியது. ஆவேசம் இல்லாமல், யோசித்து யோசித்து நடக்கும் இசை. இங்கே நந்திதுர்க் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது, தங்கம் பிரித்தெடுத்த பிறகு விட்டுப்போன சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன, காற்று அடிக்கும் மாதங்களில் அவற்றின் தூள் நம் வீட்டுக்குள் வருகிறது. ஃப்ளின்ட் குழந்தைகளுக்கு ஒரு பியானோக்காரர் கிடைத்தார். நம் பிள்ளைகளில் ஒருவர் இந்த மேட்டைப் பற்றி வாசிக்க வேண்டும், அதற்கு இந்த ஊரில் ஒரு பியானோவும் கற்றுத்தர ஓர் ஆளும் வேண்டும்.