லேடி பி குட்: மணலில் பதினஞ்சு வருஷம் கிடந்த விமானம்

1958-ல் லிபியாவோட தென்கிழக்குப் பாலைவனத்துக்கு மேல எண்ணெய் தேடிப் பறந்துக்கிட்டிருந்த ஒரு பிரிட்டிஷ் குழு, கீழே மணலில் ஒரு பெரிய விமானம் குப்புறக் கிடக்கிறதைப் பார்த்தாங்க. சுத்தி நூறு கிலோமீட்டருக்கு மனுஷ நடமாட்டமே இல்லாத இடம். அமெரிக்க விமானப்படைக்குச் சொன்னா, "அங்கே எங்க விமானம் எதுவும் காணாமப் போகலையே"ன்னு பதில். 1959 பிப்ரவரி கடைசியில்தான் சில எண்ணெய் ஆய்வாளர்கள் தரைவழியா அதுகிட்ட போய்ச் சேர்ந்தாங்க.

பி-24 லிபரேட்டர். நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். இறக்கைக்குப் பின்னாடி உடம்பு ரெண்டா உடைஞ்சிருந்ததே தவிர, மத்தபடி அப்படியே இருந்துச்சு. துப்பாக்கி சுட்டுச்சு, ரேடியோ வேலை செஞ்சுது. தண்ணீர், சாப்பாட்டுப் பொட்டலம், பிளாஸ்கில் குடிக்கிற நிலைமையில் காப்பி. மூக்குப் பக்கம் பெயிண்டில் எழுதியிருந்த பேர் 'லேடி பி குட்'. உள்ளே ஒரு ஆள் கூட இல்லை. ஒரு பாராசூட் கூட இல்லை.

நான் படிக்கிறது ஒஹாயோவில். டேட்டனில் இருக்கிற அமெரிக்க விமானப்படை மியூசியத்துக்கு அனுமதி இலவசம். ஓசின்னா நம்ம ரூம் மக்கள் விடுவாங்களா? :-) நாலு பேர் கிளம்பிட்டோம். மத்தவங்க எல்லாம் ஜெட் விமானத்துக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டிருக்க, நான் இந்த லேடி பி குட் பாகங்களை வச்சிருக்கிற இடத்திலேயே நின்னுட்டேன். அங்கே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலும் இருக்கு. லிபியாவில் இருந்த வீலஸ் அமெரிக்க விமானதளத்தோட சர்ச்சில், இந்த ஒன்பது பேர் நினைவா வச்சிருந்தது. அன்னைக்கு ஆரம்பிச்ச பைத்தியம்தான், ரெண்டு வாரம் அசைன்மெண்ட்டை எல்லாம் ஓரங்கட்டிட்டு இதைப் படிச்சிக்கிட்டிருந்தேன்.

கதை இதுதான்.

1943 ஏப்ரல் 4. பெங்காசி பக்கத்தில் இருக்கிற சுலூக் தளத்திலிருந்து 25 பி-24 விமானங்கள் இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்புது. கிளம்பும்போதே மணல்புயல். லேடி பி குட்டில் இருந்த ஒன்பது பேருக்கும் அதுதான் முதல் தாக்குதல் பயணம். பைலட் லெஃப்டினன்ட் வில்லியம் ஹேட்டன். தனியா நேப்பிள்ஸ் போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. குண்டுகளைக் கடலில் கொட்டிட்டு, தனியாவே திரும்பினாங்க.

நடுராத்திரி வாக்கில் ஹேட்டன் ரேடியோவில் உதவி கேட்டார். திசைகாட்டும் கருவி வேலை செய்யலை, எந்தத் திசையில் இருக்கேன்னு சொல்லுங்க. பெனினாவில் இருந்த ரேடியோ நிலையம் 330 டிகிரின்னு பதில் சொன்னது. அதாவது கிட்டத்தட்ட வடமேற்கு. கடல் பக்கம். இத்தாலியிலிருந்து வர்ற விமானம் அங்கேதானே இருக்கணும்?

சிக்கல் இங்கேதான். அந்தக் காலத்து லூப் ஆண்டெனாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. சிக்னல் எந்தக் கோட்டில் வருதுன்னு சொல்லும். அந்தக் கோட்டோட எந்த முனையிலிருந்து வருதுன்னு அதுக்கு மட்டும் தெரியாது. நம்ம ஊரில் ஆடி மாசம் ராத்திரி படுத்திருக்கும்போது அம்மன் கோயில் ஸ்பீக்கர் சத்தம் கேக்கும் பாருங்க... தெரு வழியாத்தான் வருதுன்னு தெரியும், மேலத்தெரு முனையா கீழத்தெரு முனையான்னு குழம்பும். அதே கதை. 330 டிகிரின்னு காட்டினால், அது நேர் எதிரில் இருக்கிற 150 டிகிரியாவும் இருக்கலாம். 150-ன்னா தென்கிழக்கு. நடுப் பாலைவனம்.

விமானம் அதுக்குள்ள தளத்தைத் தாண்டிப் போயிருச்சு, தாண்டினப்புறம்தான் கேட்டிருக்காங்க என்பதுதான் பொதுவா ஏத்துக்கிட்ட விளக்கம். இன்னும் கடல் மேலதான் இருக்கோம்னு நம்பி தெற்கே பறந்துக்கிட்டே இருந்தாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம். நிலா வெளிச்சமில்லாத ராத்திரியில் மேலிருந்து பார்த்தா கடலும் மணலும் ஒண்ணுதான்.

விடிகாலை 2 மணி சுமாருக்கு எரிபொருள் தீர்ந்தது. எல்லாரும் குதிச்சிட்டாங்க. ஆளில்லாத விமானம் தானாவே இன்னும் 26 கிலோமீட்டர் தெற்கே போய் மணலில் வழுக்கி உட்கார்ந்தது. தளத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் உள்ளே!

தளத்தில் இருந்தவங்க என்ன நினைச்சாங்க? கடலில் விழுந்திருக்கும்னு. தேடினதும் கடலில்தான். வீட்டுக்குப் போன சேதியும் அதுதான். அப்புறம் பதினஞ்சு வருஷம் ஒரு சத்தமும் இல்லை.

இனி, பின்னாடி வந்தவங்க இதை எப்படித் துப்புத் துலக்கினாங்கன்னு பார்ப்போம். 1959-ல் அமெரிக்கத் தேடல் குழு மணலில் காலடித் தடத்தைத் தொடர்ந்து போனது. பூட்ஸை அம்புக்குறி மாதிரி வச்சிருந்தாங்க. பாராசூட் துணியைக் கிழிச்சு, பறக்காம இருக்கக் கல் வச்சிருந்தாங்க. கடலில் மிதக்கிற லைஃப் ஜாக்கெட்டுகளும் அந்தப் பாதையில் கிடந்துச்சு. பாலைவனத்தில் லைஃப் ஜாக்கெட்... இதைப் படிச்சப்போ எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு.

தடம் வடமேற்கு நோக்கிப் போய் மணல் குன்றுகளில் மறைஞ்சுது. தண்ணீர் இல்லாத மனுஷன் இவ்வளவு தூரத்துக்கு மேல நடக்க முடியாதுன்னு நிபுணர்கள் போட்ட கணக்கை எல்லாம் அது ஏற்கெனவே தாண்டியிருந்துச்சு. உடல்கள் மணலுக்குள்ள புதைஞ்சிருக்கும்னு தேடலை நிறுத்திட்டாங்க.

1960 பிப்ரவரியில் எண்ணெய் கம்பெனி ஆட்கள் ஐந்து உடல்களைக் கண்டுபிடிச்சாங்க. விமானத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி! ஹேட்டன், துணை பைலட் ராபர்ட் டோனர், நேவிகேட்டர் ஹேஸ், ஆடம்ஸ், லாமாட். டோனரோட பையில் ஒரு சின்ன டைரி. அதிலிருந்துதான் மிச்சக் கதை தெரிஞ்சுது. எட்டு பேர் ஒண்ணா சேர்ந்திருக்காங்க, குண்டு வீசுற வொராவ்காவை மட்டும் காணோம். எட்டு பேருக்கும் சேர்த்து அரை கேண்டீன் தண்ணி. பகலில் சூடு தாங்காம படுத்துக்கிறது, ராத்திரி நடக்கிறது. அஞ்சு பேரால் அதுக்கு மேல நடக்க முடியலை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூணு பேரும் உதவி தேடி முன்னாடி போனாங்க. டைரியின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12. குதிச்சு எட்டாவது நாள்.

முன்னாடி போனவங்களில் ரிப்ஸ்லிங்கரையும் ஷெல்லியையும் 1960 மே மாசம் கண்டுபிடிச்சாங்க. ஷெல்லி 160 கிலோமீட்டருக்கும் மேல நடந்திருக்கார். ஆகஸ்ட்டில் வொராவ்கா கிடைச்சார். பாராசூட் சரியா விரியாம, தரையில் விழுந்தப்பவே இறந்துட்டார். வெர்னன் மூர் கிடைக்கவே இல்லை.

எனக்கு மனசை அரிக்கிறது ஒண்ணுதான். தெற்கே 26 கிலோமீட்டர் நடந்திருந்தா விமானம். அதில் தண்ணி, சாப்பாடு, வேலை செய்யுற ரேடியோ. ஆனா அவங்களை முட்டாள்னு சொல்லவே முடியாதுங்க. கடற்கரை பக்கம்தான்னு நம்பினவன் கடலை நோக்கித்தான் நடப்பான். ஆளில்லாம விழுந்த விமானம் முழுசா இருக்கும்னு யார் நினைப்பா? வழியெல்லாம் அடையாளம் வச்சிருக்காங்க, இருந்த தண்ணியை அளந்து குடிச்சிருக்காங்க. அத்தனையையும் ஒழுங்காத்தான் செஞ்சாங்க. கையில் இருந்த ஒரே ஒரு எண் மட்டும் வேற அர்த்தத்தில் இருந்துச்சு.

2012-ல் இதே மாதிரி இன்னொண்ணு எகிப்தில் கிடைச்சது. பிரிட்டிஷ் விமானப்படையின் கிட்டிஹாக் போர் விமானம். 1942 ஜூன் 28-ல், பழுதான விமானத்தை ரிப்பேருக்கு ஓட்டிக்கிட்டுப் போன டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயசுக்காரர் வழி தவறி மணலில் இறக்கியிருக்கார். விமானத்துக்குப் பக்கத்தில் நிழலுக்கு பாராசூட் துணி, கழட்டி வெளியே வச்ச ரேடியோ, பேட்டரி. இவர் விமானத்தோடயே கொஞ்ச காலம் காத்திருந்திருக்கார். இவருக்கும் யாரும் வரலை. காத்திருந்தவருக்கும் அதே முடிவு, நடந்தவங்களுக்கும் அதே முடிவு. எது சரின்னு சொல்ல நாம யாரு?

லேடி பி குட்டை நினைவுப்பொருள் தேடி வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா பிச்சு எடுத்துட்டாங்க. மிச்சத்தை 1994-ல் லிபிய அதிகாரிகள் டோப்ரூக்குக் கொண்டு போனாங்க. ஆக, விழுந்த இடத்தில் இப்போ விமானம் இல்லை.

ஒஹாயோ பக்கம் வர்ற மக்களே, டேட்டன் மியூசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. லேடி பி குட் இருந்த அதே 376-வது படைப்பிரிவில், அதே வட ஆப்பிரிக்காவிலிருந்து பறந்த இன்னொரு பி-24 அங்கே முழுசா நிக்குது. அது மியூசியத்துக்குப் பறந்து வந்தது 1959 மே மாசம். லேடி பி குட் பக்கத்தில் ஆட்கள் போய் நின்ன அதே வருஷம்.

மூர் குடும்பத்தைப் பத்தித்தான் அடிக்கடி நினைச்சுக்கிறேன். முதல்ல கடல்னு சொன்னாங்க, பதினாறு வருஷம் கழிச்சு பாலைவனம்னு சொன்னாங்க. கடைசி வரைக்கும் அவங்க கையில் ஒரு எலும்பு கூட வரலை.