மூடிய குடுவையில் ஒரு தோட்டம்

நீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், இறுக மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாதக்கணக்கில் நீர் ஊற்றப்படாமலேயே செடிகள் செழித்து வாழ்வதுண்டு. ‘டெர்ரேரியம்’ எனப்படும் இக்குடுவைத் தோட்டத்தை எவரும் வீட்டிலேயே அமைக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும். அது உயிர்வாழும் முறையை உணர்ந்துகொள்வதற்கோ பல நாள் உற்றுநோக்கல் வேண்டும்.

கூட்டுப்புழு காட்டிய வழி

இதன் வரலாறு 1829இல் இலண்டனில் தொடங்குகிறது. நதானியேல் வார்டு என்னும் மருத்துவர் பெரணிகளை வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். நகரைச் சூழ்ந்த நிலக்கரிப் புகையால் அவருடைய செடிகள் மடிந்தன. அந்நாளில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்து அவர் கவனித்துவந்தார். மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. பின்னர், அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே பிழைக்காத பெரணி, புட்டிக்குள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்தபோதே அது அழிந்தது.

இப்பட்டறிவைக் கொண்டு வார்டு கண்ணாடிப் பெட்டிகளை உருவாக்கினார். 1833இல் அவற்றில் வைத்து அனுப்பப்பட்ட செடிகள், பல மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் சிட்னி நகரை உயிருடன் சென்றடைந்தன. சீனத்தின் தேயிலை இந்தியாவிற்கும், தென்னமெரிக்காவின் சின்கோனா நீலகிரிக்கும், 1876இல் இரப்பர் நாற்றுகள் இலங்கைக்கும் இத்தகைய பெட்டிகளிலேயே கொண்டுவரப்பட்டன.

அமைக்கும் முறை

அகன்ற வாயுடைய, நிறமற்ற கண்ணாடிக் குடுவையைக் கழுவி உலர்த்திக்கொள்ள வேண்டும். பூந்தொட்டியைப்போல அடியில் துளையில்லாததால், மிகுதியான நீர் வேர்களை அழுகச் செய்யும். எனவே, முதலில் இரண்டு விரற்கடை உயரத்திற்குக் கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். வடியும் நீர் அங்குத் தங்கும். அதன்மேல் மரக்கரித் துண்டுகளை மெல்லிய அடுக்காக இட்டால், அவை துர்நாற்றத்தைக் குறைக்கும். மண் கீழிறங்காமலிருக்கச் சிறு வலைத்துணியை விரித்து, தோட்டமண், மணல், தென்னை நார்க்கழிவு ஆகியவை கலந்த கலவையை நிரப்ப வேண்டும். உரம் இடலாகாது. செடி விரைந்து வளர்ந்தால் குடுவையில் இடம் போதாது.

ஈரத்தையும் நிழலையும் விரும்பும் சிறு பெரணிகளும், மழைக்காலத்தில் சுவர்களில் படரும் பாசியும் இதற்கு ஏற்றவை. கள்ளியும் சோற்றுக்கற்றாழையும் மூடிய குடுவையில் அழுகிவிடும். நட்டபின், மண் நனையுமளவிற்கு மட்டும் நீர் தெளித்து மூடிவிடலாம். நல்ல வெளிச்சமுள்ள, ஆனால் நேரடி வெயில் படாத இடமே குடுவைக்கு உரியது. வெயிலில் வைத்தால் உள்ளே வெப்பம் தேங்கிச் செடிகள் கருகிவிடும்.

உள்ளே நிகழ்வது என்ன?

வேர்கள் உறிஞ்சும் நீர், இலைகளின் வழியே நீராவியாக வெளியேறிக் கண்ணாடியில் குளிர்ந்து, துளியாகி மண்ணில் இறங்குகிறது. பகலொளியில் செடிகள் கரியமில வாயுவை ஏற்று உணவு ஆக்கி, உயிர்வளியை வெளியிடுகின்றன. செடிகளின் சுவாசமும், உதிர்ந்த இலைகளை மட்கச்செய்யும் நுண்ணுயிரிகளின் சுவாசமும் கரியமில வாயுவை மீண்டும் அளிக்கின்றன. மட்கிய இலையின் சத்து வேருக்கே சேர்கிறது. வெளியிலிருந்து இடையறாது தேவைப்படுவது ஒளி மட்டுமே.

இச்சமநிலை முதல் நாளிலேயே அமைந்துவிடுவதில்லை. கண்ணாடி நாள் முழுவதும் மங்கியே இருந்தால் ஈரம் மிகுதி. சில மணிநேரம் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். பல நாள்களாக ஈரத்துளியே படியவில்லையெனில் ஓரிரு கரண்டி நீர் தெளிக்க வேண்டும். பூஞ்சை படிந்த இலையை உடனே அகற்ற வேண்டும்.

குடுவை உணர்த்துவது

குடுவைக்குள் இட்ட எதுவும் மறைந்துபோவதில்லை. ஊற்றிய நீரும் உதிர்ந்த இலையும் அங்கேயே சுழல்கின்றன. பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டால் அந்நஞ்சும் அங்கேயே தங்கும். புவியும் ஏறத்தாழ இத்தகையதே. கதிரவனின் ஒளி உள்ளே வருகிறது, வெப்பம் வெளியேறுகிறது, நீரும் மண்ணும் காற்றும் இங்கேயே சுழல்கின்றன. ஆற்றில் கலந்த சாயக்கழிவும் வானில் கலந்த புகையும் இவ்வுலகின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. குடுவையில் பிழை நேர்ந்தால் மூடியைத் திறந்து சீர்செய்யலாம். புவிக்கு அவ்வாறு திறப்பதற்கு ஒரு மூடியில்லை. உள்ளே வாழ்வோரே அதன் சமநிலையைக் காத்தாக வேண்டும்.