கிணறும் அனுமதிப்பத்திரமும்

ஆறில்லாத நாரந்தனையில் மழையே நன்னீருக்கு மூலம். சுண்ணக்கல்லினூடே இறங்கும் அந்நீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் ஏறக்குறைய 40 அடி உயரக்கூடும். நிலத்திற் சிந்தும் கழிவும் அதே கல்லிடுக்குகளின் வழியே கிணற்றை அடையும்.

குடாநாட்டுச் சுன்னாகம் இதற்குச் சான்று. மின்நிலைய எண்ணெய் அங்கே கிணறுகளிற் கலந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பணம் கிணற்றைத் தூய்மையாக்குவதில்லை.

தொழிற்சாலைகளுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் நிபந்தனைகளைக் கொண்டது. அவை பேணப்படுகின்றனவா என்பதைக் காலந்தோறும் நீரைச் சோதித்தே அறியலாம். எண்ணெயை மணம் காட்டிவிடும். உரத்தினின்று வரும் நைத்திரேற்றுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. மாற்று ஊற்றற்ற தீவில் அச்சோதனை மாரிக்கு முன்னும் பின்னும் நடைபெறுதல் வேண்டும்.