அணைத்தல் வேறு, துண்டித்தல் வேறு

மார்கழி பிறந்துவிட்டால் எடப்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட யாருக்குத்தான் துணிவு வரும்? முற்காலத்தில் புறக்கடையில் கல்லைக் கூட்டி, செம்பு அண்டாவை ஏற்றி, விறகையும் பருத்திமாரையும் எரித்து வெந்நீர் காய்ச்சினார்கள். புகையினால் கண் எரிந்தது உண்மைதான். ஆயினும் அடுப்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பதைச் சிறு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். இன்று அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. அபாயமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எடப்பாடிக்கு வடக்கேயுள்ள மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. 1937-இல் அங்கே காவிரி நீரைக்கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். நெசவே பிழைப்பாக உள்ள இந்த வட்டாரத்தில் பிற்காலத்தில் விசைத்தறிகள் பெருகின. தறிக்கூடத்தில் வார் அறுந்துபோனால், மோட்டாரை நிறுத்தாமல் யாரும் அதில் கை வைப்பதில்லை. ஆனால் அதே வீட்டின் குளியலறையில், வாளித் தண்ணீரில் சூட்டுக்கம்பி கிடக்கும்போதே, சூடு போதுமா என்று விரலை விட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. தறியினிடம் காட்டும் மரியாதையை வெந்நீர் வாளியினிடமும் காட்ட வேண்டாமா?

சூட்டுக்கம்பியாயினும் சரி, சுவரில் மாட்டும் கீசராயினும் சரி, இரண்டிலும் விஷயம் ஒன்றேதான். உலோகக் குழாய் ஒன்றினுள் சுருள்கம்பி இருக்கிறது. அதைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத வெண்பொடி இறுக அடைக்கப்பட்டிருக்கிறது. சூடு வெளியே வரும், மின்சாரம் வராது. ஆனால் நம் கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் குழாயின்மேல் ஓடுபோலப் படிந்துவிடுகின்றன. அதனால் சூடு வெளியேற வழியின்றிக் குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து நாளடைவில் விண்டுபோகிறது. விண்ட இடத்தில் தண்ணீர் புகுந்ததும், வாளித் தண்ணீர் முழுவதிலும் மின்சாரம் பாயலாம். நனைந்த உடம்பும் செருப்பில்லாத காலும் அதற்கு நல்ல வழியாக அமைந்துவிடுகின்றன.

“ஸ்விட்சை அணைத்துவிட்டேனே, பிறகு என்ன பயம்?” என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டுக்குள் வரும் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்று 230 வோல்ட் தாங்கி வரும் பேஸ். மற்றொன்று திரும்பிப் போகும் நியூட்ரல். சாதாரண ஸ்விட்சு இவற்றில் ஒன்றை மட்டுமே அறுக்கிறது. அது பேஸாக இருந்தால் நல்லது. கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டாலோ, அறுபடுவது நியூட்ரல்தான். அப்போது சூடு நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். ஆனால் சுருள்கம்பி முழுவதும் உயிரோடுதான் இருக்கும். கீசரின் சிவப்பு விளக்கையும் நம்புவதற்கில்லை. தண்ணீர் போதிய அளவு சுட்டதும் உள்ளேயுள்ள வெப்பக் கட்டுப்பாடு தானாகவே சூட்டை நிறுத்துகிறது. தண்ணீர் ஆறியதும் தானாகவே மறுபடி தொடங்குகிறது. ஆகவே, அணைத்தல் வேறு, துண்டித்தல் வேறு.

துண்டிப்பதற்கென்றே இரு கம்பிகளையும் ஒருங்கே அறுக்கும் ஸ்விட்சு இருக்கிறது. கடைகளில் டி.பி. ஸ்விட்சு என்று கேட்டால் கொடுப்பார்கள். கீசருக்கு அதையே போட வேண்டும். அதுவும் ஈரக்கை எட்டாதபடி குளியலறைக்கு வெளியே இருப்பது நலம். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியரும், 3,000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். ஆகையால் விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டலாகாது. தனிக் கம்பியும் 16 ஆம்பியர் இணைப்பும் வேண்டும்.

ஃபியூஸ் இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். 16 ஆம்பியர் ஃபியூஸ் சுவரிலுள்ள கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது. அதில் நூற்றிலொரு பங்கு மின்சாரமே இருதயத்தை நிறுத்தப் போதுமானது. மனிதனைக் காப்பது மின்கசிவு தடுப்பான். போன மின்சாரத்துக்கும் திரும்பிய மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் ஏற்பட்டாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது வீட்டுக்காரர் கடமை. எர்த்துக் கம்பியும் இன்றியமையாதது. கோடையில் நிலம் காய்ந்தால் எர்த்துக் குழியும் காய்ந்து பயனற்றுப் போகும். எனவே, துளசி மாடத்துக்கு ஊற்றுவதுபோல் அதற்கும் தண்ணீர் ஊற்றி வரவேண்டும்.

பழுது பார்க்கும் சமயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. “இப்போது கரண்ட் இல்லை” என்று மின்வெட்டு வேளையில் கீசரைத் திறப்பது பெருந்தவறு. போன மின்சாரம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவதில்லை. மெயினை நிறுத்துங்கள். ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, வேலை செய்கிறவர் தம் பையிலேயே போட்டுக்கொள்ளட்டும். டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் சாட்சியாகாது. மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் அது எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சூட்டுக்கம்பியை உபயோகிக்கும் இல்லங்களுக்கு விதி சுருக்கமானது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்குங்கள். மூன்று முனைப் பிளக்கு இல்லாததைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு கம்பி, கடைசியில் ஸ்விட்சு. எடுக்கும்போது முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே வாளியின் அருகே செல்லுங்கள். பிளக்கு சுவரை விட்டு வெளியே வந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய விறகடுப்பைப் போல, அணைந்ததா இல்லையா என்று குழந்தையும் சொல்லக்கூடிய அடையாளம் அது ஒன்றுதான்.